மாற்றிய லிப்பிட் சேர்த்ததும் சவ்வு வேறு மாதிரி நடக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

உயிரணுச் சவ்வைப் போல லிப்பிட் எனும் கொழுப்பு மூலக்கூறுகளால் நாமே கட்டும் மாதிரிச் சவ்வில் என்னென்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் போட்டது நாம்தான். லைப்போசோமோ (வெசிகிள் என்றும் சொல்லும் சவ்வுப் பை), கண்ணாடி மேல் படிய வைத்த இரட்டைப்படலமோ, அதை நம்பி வேலை செய்வதே இந்தக் காரணத்தால்தான். வேதிமாற்றம் செய்த லிப்பிட் ஒன்றைச் சேர்த்த அன்றே அந்த உறுதி ஆட்டம் காணத் தொடங்கும். சாயம் கோத்த லிப்பிட், பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலி தொங்கும் லிப்பிட், பயோட்டின் ஏந்திய லிப்பிட், ஆக்சிஜனேறிய லிப்பிட், ஒளி பட்டால் வளையும் அசோ லிப்பிட் என்று எதைச் சேர்த்தாலும் சரி, அது சவ்வின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு அல்ல. அதுவும் சவ்வின் ஒரு பகுதிதான். இடம் பிடிக்கும், பக்கத்து மூலக்கூறுகளைத் தள்ளும், மின்சுமை கொண்டுவரும்.

அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: மாற்றம் மூலக்கூறில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? தலையிலா, கிளிசரால் இருக்கும் கழுத்திலா, கொழுப்பமில வாலிலா? தலையில் என்றால் மின்சுமை, நீரேற்றம், உராய்வு, வெசிகிள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது இவற்றில் கோளாறு தெரியும். கழுத்தில் என்றால் சவ்வின் உள் மின்னழுத்தமும் அடுக்கும் விதமும் மாறும். வாலில் என்றால் நிலைமாற்ற வெப்பநிலை (கெட்டியான ஜெல் சவ்வு திரவமாக உருகும் வெப்பநிலை), கசிவு, டொமைன்கள் (சவ்வுக்குள் தனியாகப் பிரியும் திட்டுகள்). இந்த வரைபடம் எப்போதும் சரியாக வராது. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று காட்டிவிடும்.

இன்னொன்று, எந்தச் சோதனைக்கும் மூன்று குழாய்கள் வையுங்கள்: மாற்றிய லிப்பிட் இல்லாதது, பாதி அளவு போட்டது, முழு அளவு போட்டது. விளைவு அளவோடு சேர்ந்து ஏறினால் லிப்பிட்டைச் சந்தேகிக்கலாம். மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் பஃபர், வெப்பம், ஒளி, ஸ்டாக் (லிப்பிட்டைக் கரைத்துச் சேமித்த குப்பி) என்று வேறு பக்கம் போக வேண்டும். இந்த மூன்று குழாய் இல்லாமல் கீழே சொல்வதில் பாதி வெறும் ஊகமாகிவிடும்.


நிலைமாற்ற வெப்பநிலை நகர்ந்துவிட்டது, அல்லது சிகரம் அகலமாகிவிட்டது

டிபிபிசி என்ற நிறைவுற்ற லிப்பிட்டின் முதன்மை நிலைமாற்றம் 41 டிகிரி செல்சியஸ் அருகே வரும், டிஎம்பிசிக்கு 24, டிஎஸ்பிசிக்கு 55. கலோரிமீட்டரில் சிகரமாகத் தெரியும் இவை நகர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த நகர்வு எதிர்பார்க்கக் கூடியதா என்பது. வால் ஹைட்ரஜன்கள் அனைத்துக்கும் பதிலாக டியூட்டீரியம் போட்ட டிபிபிசி சுமார் 4 டிகிரி கீழே உருகும். இது பிழை அல்ல, அந்த மூலக்கூறின் குணம். நியூட்ரான் சிதறலுக்கோ அகச்சிவப்பு அளவீட்டுக்கோ டியூட்டீரிய லிப்பிட்டை எடுத்துவிட்டு, சாதாரண லிப்பிட்டின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய. எஸ்டர் பிணைப்பை ஈதராக மாற்றினால் எதிர்த்திசையில் இரண்டு மூன்று டிகிரி மேலே போகும். ஈதர் பிணைப்புள்ள இணைக்கு இன்னொரு குணமும் உண்டு: குளிர்ந்த ஜெல் நிலையில் இரு பக்க வால்களும் விரல் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்ளும், சவ்வு மெலிந்துபோகும். சாதாரண டிபிபிசி தானாக அப்படிச் செய்யாது. கழுத்தில் இரண்டு கார்பனைல்கள் போனதால் இருமுனை மின்னழுத்தமும் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் குறையும். சவ்வுக்குள் ஓர் அயனியோ பெப்டைடோ நுழைவதை அளக்கிறீர்கள் என்றால் இதை மறந்துவிடாதீர்கள்.

எதிர்பார்க்காத நகர்வு என்றால் 35 டிகிரி அருகே வரும் சிறிய முன்-நிலைமாற்றத்தைப் பாருங்கள். பெரிய சிகரம் நகர்வதற்கு முன்பே அது காணாமல் போய்விடும். சில மோல் சதவீதம் அந்நியப் பொருள் போதும் அதை அழிக்க, ஆகவே அதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. ஆனால் பல அடுக்கு வெசிகிளை ஒரு நாளும், 100 நானோமீட்டர் வடிகட்டியில் தள்ளிய ஒற்றை அடுக்கு வெசிகிளை இன்னொரு நாளும் ஓட்டி ஒப்பிட வேண்டாம். சிறிய வெசிகிளில் சிகரம் தானாகவே அகலும், முன்-நிலைமாற்றம் மங்கும். சூடேற்றும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிகரத்தின் ஓரத்தில் ஒரு தோள் எழுந்தால், மாற்றிய லிப்பிட் சமமாகக் கலக்காமல் தனிக் கூட்டமாக நிற்கிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டையும் குளோரோஃபார்மில் சேர்த்துக் கரைத்துத்தான் படலமாக உலர்த்தினீர்களா? நீர் ஊற்றும்போது கலவையில் அதிக வெப்பத்தில் உருகும் லிப்பிட்டின் நிலைமாற்றத்துக்கு மேலே வைத்திருந்தீர்களா? இந்த இரண்டில் ஒன்று தவறியிருந்தால் தோளுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.


கசிவு கூடுகிறது

வெசிகிளுக்குள் கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தை 60 முதல் 80 மில்லிமோலார் செறிவில் அடைத்து வைத்தால், அது தன் ஒளிர்வைத் தானே அணைத்துக்கொள்ளும். வெளியே கசிந்து நீர்த்தால் ஒளிரும். கடைசியில் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புப் பொருளை ஊற்றி எல்லாவற்றையும் உடைத்தால் வரும் ஒளிர்வு 100 சதவீதம். முறை எளிது, தவறும் எளிது.

முதலில் சவ்வூடு பரவல் அழுத்தம். அந்தச் செறிவில் கால்சீனும் அதைக் கரைக்கப் போட்ட காரமும் சேர்ந்து உள்ளே நல்ல அழுத்தத்தைக் கொடுக்கும். வெளியே வெறும் பஃபர் இருந்தால் வெசிகிள் நீரை உறிஞ்சி உப்பி, கிழிந்து, கொஞ்சம் கொட்டி, மறுபடி மூடிக்கொள்ளும். இதை லிப்பிட்டின் குற்றம் என்று எழுதிவிடக் கூடாது. உள் கரைசலையும் வெளிக் கரைசலையும் ஆஸ்மோமீட்டரில் அளந்து, குறைவதை உப்பால் ஈடுகட்டுங்கள். கணக்குப் போட்டுச் சரிசெய்தேன் என்பது போதாது, அளந்து பாருங்கள்.

அழுத்தம் சமமாக இருந்தும் மாற்றிய லிப்பிட் உள்ள குழாய் மட்டும் கசிகிறது என்றால் வெப்பநிலையைக் கேளுங்கள். நிறைவுற்ற லிப்பிட் சவ்வு தன் நிலைமாற்றப் புள்ளியில்தான் மிக அதிகமாகக் கசியும், அங்கே ஜெல்லும் திரவமும் சந்திக்கும் விளிம்புகள் நிறைய இருக்கும். மாற்றிய லிப்பிட் அந்தப் புள்ளியை நான்கு டிகிரி கீழே இழுத்து, நீங்கள் 37 டிகிரியில் அளந்தால், கட்டுப்பாட்டுக் குழாய் கெட்டியான ஜெல்லாக இருக்கும்போது உங்கள் குழாய் சரியாகக் கசிவின் உச்சியில் நிற்கும். பொதுவாகத் துளை விழுகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஐந்து வெப்பநிலைகளில் அளந்து பாருங்கள். உச்சி நகர்ந்திருக்கிறதா, எல்லா இடத்திலும் கூடியிருக்கிறதா என்பது தெளிவாகப் பிரியும்.

அடுத்தது ஆக்சிஜனேற்றம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆக்சிஜனேறிய லிப்பிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் வருகிறார்கள். ஒன்று, வால் முழுதாக இருந்து இரட்டைப் பிணைப்பு அருகே ஒரு ஹைட்ரோபெராக்சைடு மட்டும் ஏறியது. அந்த நீர்விரும்பும் தொகுதி சவ்வின் நடுவில் இருக்கப் பிடிக்காமல் மேற்பரப்பை நோக்கி எழும்பும். வால் மடங்கும், ஒரு மூலக்கூறு பிடிக்கும் பரப்பு பெருகும், சவ்வு மெலியும், இழுத்தால் எளிதில் நீளும். ஆனாலும் கசிவு பெரிதாகக் கூடாமல் தாங்கிக்கொள்ளும். மற்றது, வால் வெட்டுப்பட்டு முனையில் ஆல்டிஹைடோ கார்பாக்சிலோ நிற்பது. இதில் குட்டை வால் திரும்பி நீரை நோக்கி நீட்டிக்கொள்ளும், மூலக்கூறின் வடிவமே கூம்பாகிவிடும், போதுமான அளவு சேர்ந்தால் சவ்வில் துளை விழும். கசிவை உண்டாக்குகிறவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவர்.

எது இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் 234 நானோமீட்டரில் உட்கிரகிப்பைப் பார்த்துவிட்டு, ஏறவில்லை, ஆக்சிஜனேற்றம் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த அளவீடு அடுத்தடுத்த இணை இரட்டைப் பிணைப்புகளை மட்டும்தான் பார்க்கும். ஒரு வாலில் இரண்டு அல்லது அதற்கு மேல் இரட்டைப் பிணைப்பு இருந்தால்தான் அது உருவாகும். டிஓபிசி, பிஓபிசி என்ற லிப்பிட்களில் நிறைவுறாத வாலுக்கு ஒன்றே ஒன்று. அவை முழுக்க ஹைட்ரோபெராக்சைடாகிப் போனாலும் 234 சொல்லாது. நிறை நிறமாலை பாருங்கள்: டிஓபிசியின் புரோட்டான் ஏறிய சிகரம் 786, அதற்கு 32 கூடி 818-ல் சிகரம் வந்தால் ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று ஏறியிருக்கிறது. கருவி இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. டிஓபிசிக்குப் பதிலாக இரட்டைப் பிணைப்பே இல்லாத லிப்பிட்டை வைத்து, அதன் நிலைமாற்றத்துக்கு நன்றாக மேலே அதே சோதனையைச் செய்யுங்கள். கசிவு நின்றால் திசை தெரிந்துவிட்டது.

எஸ்டர் நீரால் பிளந்தும் கசிவு வரலாம். அப்போது ஒற்றை வால் லைசோ-லிப்பிட்டும் ஒரு கொழுப்பமிலமும் பிரியும். இது மிக மெதுவாக நடப்பது பிஎச் 6.5 அருகில். அமிலப் பஃபரிலோ காரப் பஃபரிலோ வெசிகிளை வாரக்கணக்கில் வைத்திருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.


நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டொமைன்கள் முளைக்கின்றன

இதில் நான் மூன்று மாதம் இழந்திருக்கிறேன். டிஓபிசி, டிபிபிசி, கொலஸ்டிரால் கலந்த பெரிய வெசிகிள்கள், கலவை பிரியும் வெப்பநிலைக்குச் சற்று மேலே வைத்தவை. அதில் நான் ஆராய்ந்த ஒரு மாற்றிய லிப்பிட்டும், பார்ப்பதற்காக ரோடமின் கோத்த ஒரு லிப்பிட்டும். ஒவ்வொரு முறையும் டொமைன்கள். என் லிப்பிட்தான் டொமைனை உண்டாக்குகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்தேன்.

ஒருநாள் ஏதோ தேடி மாதிரி வைத்த சின்ன அறையின் மறு மூலைக்கு நுண்ணோக்கியின் மேடையை நகர்த்தினேன். அங்கே இருந்த வெசிகிள்கள் முட்டை ஓடு போல வழவழவென்று, சீரான சிவப்பு. ஷட்டரை மூடாமல் அப்படியே பார்த்தேன். அரை நிமிடம் எதுவுமில்லை. அப்புறம் ஒரு ஓரத்தில் மணி மணியாகக் கறுப்புப் புள்ளிகள். அவை மிதந்து, மோதி, ஒன்றாகி, ஒரு நிமிடத்துக்குள் நான் மாதக்கணக்கில் படம் பிடித்த அதே காட்சி. டொமைனை உண்டாக்கியது என் லிப்பிட் அல்ல, என் விளக்கு.

நடந்தது இதுதான்: சாயம் ஒளியை வாங்கிப் பக்கத்து ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது, அது வினைமிக்க ஒற்றைநிலை ஆக்சிஜனாகிறது, அது டிஓபிசியின் இரட்டைப் பிணைப்பைத் தாக்குகிறது. பெராக்சைடு ஏறிய டிஓபிசிக்கும் நிறைவுற்ற லிப்பிட்டுக்கும் ஒட்டு இன்னும் குறைகிறது, கலவை பிரியும் வெப்பநிலை மேலே ஏறுகிறது, சும்மா இருந்த வெசிகிள் பிரிந்துவிடுகிறது.

உங்களுக்கும் இப்படி என்றால் செய்ய வேண்டியவை: ஒளி படாத பகுதிக்கு நகர்ந்து முதல் நொடியிலேயே ஒரே ஒரு படம் எடுங்கள். முடிவு அந்தப் படத்தை வைத்துத்தான், பத்து நிமிடம் வெளிச்சத்தில் நின்ற வெசிகிளை வைத்து அல்ல. விளக்கைக் குறையுங்கள், சாயத்தை 0.1 மோல் சதவீதம் வரை இறக்கிப் பாருங்கள், வேறு சாயத்தில் திரும்பச் செய்யுங்கள். புரொபைல் காலேட் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்தால் டொமைன் தாமதமானால் சந்தேகம் உறுதி. வெசிகிளை மின்புலத்தில் வளர்க்கிறீர்கள் என்றால், மின்புலத்தை அதிகமாக வைத்து மணிக்கணக்கில் விட்டாலும் லிப்பிட் ஆக்சிஜனேறும். விளக்கைத் தொடுவதற்கு முன்பே கெட்டுப்போன சவ்வு கையில் இருக்கும்.


சாயம் தவறான டொமைனில் நிற்கிறது

வாலைப் பார்த்து இடத்தை ஊகிக்காதீர்கள். டெக்சாஸ் ரெட் சாயம் கோத்த டிஎச்பிஇ லிப்பிட்டுக்கு நிறைவுற்ற நீண்ட வால்கள்தான், ஆனாலும் அது ஒழுங்கற்ற திரவ டொமைனில் போய் நிற்கும், ஏனென்றால் பருத்த சாயத் தலைக்கு நெருக்கமான அடுக்கில் இடம் இல்லை. என்பிடி என்ற சாயத்தை வாலின் முனையில் கோத்தால் அது எண்ணெய் நடுவில் இருக்காது, வால் வளைந்து என்பிடி மேற்பரப்புக்கு வந்துவிடும். ஆழத்தை அளக்க அதைப் பயன்படுத்தினால் எல்லா எண்ணும் பொய். ஆறு கார்பன் வாலில் என்பிடி உள்ள பிசி (பாஸ்பாட்டிடைல்கோலின்) இன்னொரு தொல்லை தரும்: நீர் வழியாக ஒரு வெசிகிளிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவிவிடும். வெசிகிள் இணைந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பது வெறும் தாவலாக இருக்கலாம். கொலஸ்டிராலில் போடிபி என்ற சாயம் கோத்தது ஒழுங்கான டொமைனைத் தேடும், என்பிடி கோத்தது தேடாது. கொலஸ்டிரால் எங்கே என்று காட்ட என்பிடி கொலஸ்டிராலை நம்ப வேண்டாம்.

ஒரு பயனும் சொல்லிவிடுகிறேன். தலையில் என்பிடி உள்ள லிப்பிட்டோடு சவ்வைத் தாண்டாமல் சாயத்தை அணைக்கும் டைதயோனைட் சேர்த்தால் வெளி அடுக்கில் உள்ளது மட்டும் அணையும். 100 நானோமீட்டர் ஒற்றை அடுக்கு வெசிகிளில் பாதிக்குச் சற்று மேல் இறங்கி நிற்க வேண்டும். முப்பது சதவீதம் மட்டும் இறங்கி நின்றால் வெசிகிளுக்குள் வெசிகிள் இருக்கிறது. முழுவதும் இறங்கினால் சவ்வு கசிகிறது. டைதயோனைட்டை அன்றன்று, பிஎச் 10 டிரிஸ்ஸில் கரையுங்கள், அமிலப் பக்கம் அது சீக்கிரம் செத்துவிடும்.


பெக் கூட்டினேன், வெசிகிள் குறைந்துவிட்டது

டிஎஸ்பிஇ-பெக்2000 என்ற பெக் லிப்பிட் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கும். பெக்2000-க்கு சுமார் 45 அலகுகள், நல்ல நீரில் அது ஏறக்குறைய 3.4 நானோமீட்டர் அளவுள்ள சுருளாக நிற்கும். ஒரு லிப்பிட் பிடிக்கும் பரப்பு 0.65 சதுர நானோமீட்டர் என்று வையுங்கள். 2 மோல் சதவீதத்தில் ஒவ்வொரு பெக்குக்கும் 32.5 சதுர நானோமீட்டர் கிடைக்கும், இடைவெளி 5.7 நானோமீட்டர், தாராளம். 5 சதவீதத்தில் இடைவெளி 3.6 நானோமீட்டர், சுருள்கள் ஒன்றையொன்று இடிக்கத் தொடங்கும் இடம் இது. 10 சதவீதத்தில் 2.5 நானோமீட்டர், சங்கிலிகள் தூரிகை போல நிமிர்ந்து நின்று சவ்வையே பக்கவாட்டில் தள்ளும். அந்த நெருக்கடி தாங்காமல் வெசிகிளின் ஒரு பகுதி தட்டுகளாகவும் மைசெல்களாகவும் (உள்ளே நீர் இல்லாத சிறு லிப்பிட் உருண்டைகள்) உடைகிறது.

ஒளிச்சிதறல் கருவி இதை மறைத்துவிடும். சிதறும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுவதால், 100 நானோமீட்டர் வெசிகிளின் வெளிச்சத்துக்கு முன் 15 நானோமீட்டர் மைசெல் கண்ணுக்கே தெரியாது. திரையில் அழகான ஒற்றைச் சிகரம் வரும், குழாயில் பாதி லிப்பிட் மைசெலாக இருக்கும். ஜெல் வடிகட்டலில் பிரித்து ஒவ்வொரு பின்னத்திலும் பாஸ்பேட் அளந்தால் உண்மை வெளிவரும், உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் தட்டுகளை நேரில் பார்க்கலாம். 5 சதவீதத்துக்குள் இருந்தே உங்கள் வேலை முடியுமா என்று யோசியுங்கள், பெரும்பாலும் முடியும்.


வெசிகிள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன

பயோட்டின் லிப்பிட்டோடு பயோட்டினைப் பிடிக்கும் புரதமான அவிடினோ ஸ்ட்ரெப்டவிடினோ சேர்த்தால் ஒட்டத்தான் செய்யும், அவற்றுக்கு நான்கு கைகள் உண்டு. பயோட்டினைக் குறைத்து, புரதத்தை மிகுதியாக ஒரே மூச்சில் ஊற்றிக் கலக்குங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் அதிகம் ஒட்டும்.

பிஇ (பாஸ்பாட்டிடைல்எத்தனாலமீன்) தலையில் எதைக் கோத்தாலும் அமீன் அமைடாகி அதன் நேர்மின்சுமை போய்விடும், பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை தனியே நிற்கும். நடுநிலையானது என்று நினைத்துப் போட்ட பயோட்டின்-பிஇயும் பெக்-பிஇயும் உண்மையில் எதிர்மின் லிப்பிட்கள். பஃபரில் கால்சியம் இருந்தாலோ, டோடாப் போன்ற நேர்மின் லிப்பிட் பக்கத்தில் இருந்தாலோ திரட்சிக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். உப்பை மாற்றிப் பாருங்கள், மின்சுமைதான் காரணம் என்றால் உடனே எதிரொலிக்கும்.


ஒளி காட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை

அசோ-லிப்பிட் 365 நானோமீட்டரில் வளைந்து, நீல ஒளியில் நிமிரும். வளையவில்லை என்றால் பெரும்பாலும் அது வளைந்து, உங்கள் நுண்ணோக்கியின் 488 லேசர் உடனே நிமிர்த்திவிட்டது. பார்க்க வேறு நிறச் சாயம் எடுங்கள். டயசெட்டிலீன் லிப்பிட் 254 நானோமீட்டரில் சேர்ந்து நீலமாக வேண்டும். அதற்கு வால்கள் ஜெல் நிலையில் வரிசையாக நிற்க வேண்டும், கரைசலில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது, பாத்திரம் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை உள்ளே விடாது.


போன மாதம் வந்தது இந்த மாதம் வரவில்லை

இப்போது ஸ்டாக் குப்பியை எடுங்கள். குளோரோஃபார்ம் மூடிய குப்பியிலிருந்தும் பறக்கும், ஸ்டாக் செறிவேறும், நீங்கள் 1 மோல் சதவீதம் என்று எழுதியது 1.4 ஆக இருக்கும். ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் திரவமட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த முறை மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால் தெரிந்துவிடும். அந்த ஸ்டாக்கை அப்படியே பயன்படுத்தாமல் பாஸ்பேட் அளவீட்டில் செறிவைத் திரும்பக் கண்டுபிடியுங்கள், சாயம் கோத்த லிப்பிட் என்றால் உட்கிரகிப்பிலேயே கண்டுபிடிக்கலாம். பிளாஸ்டிக் முனைகொண்டு குளோரோஃபார்மை எடுக்கவே கூடாது, பிளாஸ்டிக்கில் இருப்பதைக் கரைத்துக்கொண்டு வந்து சவ்வில் சேர்த்துவிடும். கண்ணாடிச் சிரிஞ்சு, டெஃப்ளான் பூசிய மூடி, மேலே ஆர்கான், மைனஸ் 20 அல்லது அதற்குக் கீழே. குப்பி அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே படியும்.

செறிவு சரியாக இருந்து லிப்பிட்டே கெட்டிருக்கிறதா என்று பார்க்க மெல்லிய அடுக்குத் தட்டு ஒன்று போதும். குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் 65:25:4 என்ற விகிதத்தில் ஓட்டி மாலிப்டினம் நீலம் தெளியுங்கள். பிசி ஒரு பொட்டாக நடுவிலே நிற்கும், லைசோ பிசி அதற்கு நன்றாகக் கீழே, புறப்பட்ட கோட்டை ஒட்டி. பக்கத்துக் கோட்டில் புதிய குப்பியின் லிப்பிட்டை ஓட்டுங்கள். சந்தேகக் குப்பியில் மட்டும் அந்தக் கீழ்ப்பொட்டு தெரிந்தால், அந்தக் குப்பியில் செய்த கடைசிச் சோதனைகளையும் சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள்.